வாகனம் கேள்வி – பதில்: சில்லின் மறுபக்கம்

கேள்வி: போன மாதம்தான் வீல் பேலன்ஸ் செய்தேன். தோட்டத்து ரோட்டில் நாலு நாள் ஓடிவிட்டுக் கொழும்புக்கு இறங்கினால், 80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்குகிறது. சில்லைக் கழுவிச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். அலைன்மென்ட் பிசகா?
– தலவாக்கலை வாசகர்

பதில்: அலைன்மென்ட் பிசகினால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். ஒரு வேகத்துக்கு மேல் மட்டும் நடுங்கினால் அது பெரும்பாலும் பேலன்ஸ் கோளாறு, அதாவது சில்லின் ஒரு பக்கம் பாரம் கூடியிருக்கும். உங்கள் விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது ரிம்மின் உள்பக்கம். மழை நாளில் தோட்டத்து ரோட்டின் களிச்சேறு அங்கே புகுந்துகொள்ளும். வாகனத்தை நிறுத்தியதும் வழிந்து அடியில் தேங்கி, காய்ந்து இறுகிவிடும். பேலன்ஸ் வெயிட்டை 5 கிராம் கணக்கில் கூட்டிக் குறைத்து ஒட்டுகிறார்கள். அப்படியிருக்க, ஒரே இடத்தில் ஒரு பிடி களிமண் இருந்தால் என்ன ஆகும்? ஹட்டன் வளைவுகளில் மெதுவாகப் போகையில் தெரியாது. அவிசாவளை தாண்டி ரோடு நேரானதும் கை உணரும்.

சில்லைக் கழற்றாமலே பெரும்பகுதியை எடுத்துவிடலாம். வாகனம் சமதரையில் நிற்கட்டும், சில்லு நன்றாக ஆறியிருக்கட்டும். ரிம்மின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகும் கம்பிகளின் (ஸ்போக்) இடைவெளியால் பச்சைத் தண்ணீர் அடித்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். காய்ந்த சேற்றில் மணல் இருக்கிறது. ஊறாமல் தேய்த்தால் ரிம்மின் மேல் பூச்சில் கீறல் விழும். பிறகு சில்லுக்கென்றே வைத்திருக்கும் வாளியில் கார் ஷாம்பு கரைத்து, போத்தல் கழுவும் நீளப் பிரஷ்ஷை உள்ளே விட்டு, முன்னும் பின்னுமாக இழுங்கள். அந்தப் பிரஷ்ஷின் நுனியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் துணி சுற்றிக் கட்டுங்கள். நட்டுக் குழிகளுக்கும் கம்பிகள் சேரும் மூலைகளுக்கும் அரை அங்குலப் பெயின்ட் பிரஷ் போதும். அதன் தகரப் பட்டியை இன்சுலேஷன் டேப்பால் மூடிவிடுங்கள்; ரிம்மைக் கீறுவது மயிர் அல்ல, அந்தத் தகரம்தான். கம்பிகளின் பின்பக்கத்துக்குப் பழைய பனியனை நீளமாகக் கிழித்து உள்ளே நுழைத்து, முதுகு தேய்ப்பதுபோல இரு முனையையும் மாறி மாறி இழுங்கள். எந்தப் பிரஷ்ஷும் இவ்வளவு நன்றாக அங்கே பிடிக்காது.

பலர் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. பிரேக் கலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) மறைத்திருக்கும் பகுதிக்குள் கை போகாது. சிறிய ரிம்மில் இடைவெளி விரல் தடிப்புக்கூட இருக்காது. வாகனத்தை அரைச் சுற்று முன்னே உருட்டி நிறுத்துங்கள், மறைந்த பகுதி வெளியே வரும். உள்ளே ஒட்டியிருக்கும் வெயிட்டுகளைப் பிரஷ்ஷால் நெம்ப வேண்டாம். பிரஷர் கன் என்றால் ஓரடி தள்ளியே பிடியுங்கள். சுத்தம் செய்த பிறகும் நடுக்கம் இருந்தால் வெயிட் விழுந்திருக்கலாம், மறுபடி பேலன்ஸ் பாருங்கள்.

கேள்வி: முன்சில்லுகளில் மட்டும் பழுப்புப் புள்ளிகள். ஷாம்புவுக்குப் போகவில்லை. கழிவறை கழுவும் திரவம் போடச் சொல்கிறார்கள்.
– கினிகத்தேனை வாசகர்

பதில்: போடவே போடாதீர்கள். அதில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். அது அலுமினியத்தை அரிக்கும், நட்டின் பூச்சைத் தின்னும், டிஸ்க்கைத் துருவேற்றும்.

அந்தப் புள்ளிகள் பிரேக் தூள். டிஸ்க்கிலிருந்தும் பேட்டிலிருந்தும் சூடாகத் தெறிக்கும் இரும்புத் துகள், ரிம்மின் பூச்சில் குத்தி நின்று துருப்பிடிக்கிறது. இறக்கத்தில் பாரம் முன்னால் சாய்வதால் முன்பிரேக்குக்கே வேலை அதிகம். இதற்கென அமிலமில்லாத இரும்புத்தூள் நீக்கி விற்கிறார்கள். சேறு கழுவிய பின், நிழலில், ஆறிய சில்லில் தெளித்து மூன்று முதல் ஐந்து நிமிடம் விடுங்கள். இரும்பு உள்ள இடம் ஊதா நிறமாக வடியும். காயவிடாமல் மென்பிரஷ்ஷால் தடவி நிறையத் தண்ணீரில் அலசுங்கள். நாற்றம் கடுமையாக இருக்கும், கையுறை அவசியம். போகாத புள்ளிக்கு இன்னொரு முறை போடலாம்; அழுத்தித் தேய்க்க வேண்டாம். காய்ந்த தூளைக் காற்றடித்து ஊதவும் கூடாது, மூச்சில் போகும்.

இந்த வேலையைப் பீலிக்கரையிலோ ஓடையிலோ செய்யாதீர்கள். கீழே இருக்கும் லயத்தவர்கள் குடிக்கும் தண்ணீர் அது. இறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்திராமல் இரண்டாம் கியரில் இறங்கினால் தூளும் குறையும்.

கேள்வி: மாலையில் சில்லுகளைக் கழுவி ஹேண்ட்பிரேக் போட்டேன். காலையில் வாகனம் நகரவில்லை. பிறகு ‘டக்’ என்ற சத்தத்தோடு விட்டது.
– நுவரெலியா வாசகர்

பதில்: ஈர பிரேக்கில் ஒரே இரவில் துரு பிடித்து ஒட்டிக்கொண்டது. உங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் அது தானாகக் காயாது. கழுவியதும் ஒரு கிலோமீற்றர் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை பிரேக்கை மெல்ல அழுத்துங்கள், சூட்டில் காய்ந்துவிடும். சமதரையில் நிறுத்துவதானால் கியரில் அல்லது ‘பி’யில் விட்டுச் சில்லுக்குக் கட்டை வைக்கலாம். சரிவில் ஹேண்ட்பிரேக்கைக் கட்டாயம் போடுங்கள்.

கேள்வி: சில்லைக் கழற்றியே கழுவினால் என்ன?
– பண்டாரவளை வாசகர்

பதில்: வருடத்துக்கு இரண்டு முறை, டயர் இடம் மாற்றும்போது செய்தால் நல்லது. சரிவில் ஜாக் அடிக்காதீர்கள். நிலத்தில் நிற்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, தூக்கிய பின் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கையை உள்ளே விட வேண்டாம். ரிம் போய்ப் பொருந்தும் ஹப் முகத்தின் துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் எடுங்கள், இல்லாவிட்டால் ரிம் சரியாக உட்காராது. போல்ட்டில் எண்ணெயோ கிரீஸோ பூசினால், டார்க் ரென்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) காட்டும் அளவைவிட அதிகமாக முறுகிவிடும். நட்டுகளை எதிரெதிராக முறுக்குங்கள். டொயோட்டாவின் சிறிய கார்கள் பலவற்றுக்கு முறுக்கும் அளவு 103 நியூட்டன் மீற்றர். உங்களுடையதைக் கையேட்டில் பாருங்கள். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் இன்னொரு முறை ரென்ச் வைத்துப் பாருங்கள்.