இரைப்பை குறைப்பு ஆபரேஷன்: கேளுங்க, சொல்றேன்

வணக்கம். உடல் பருமன் ஆபரேஷன் நடக்கற வார்டுல 11 வருஷமா டயட்டீஷியனா இருக்கேன். கத்தி பிடிக்கறது சர்ஜன்தான், ஆனா ஆபரேஷனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஆரம்பிச்சு வருஷக்கணக்கா பேஷண்ட் கூடவே இருக்கறது நாங்க. வந்த கேள்விகளுக்கு ஒண்ணொண்ணா பதில் போடறேன்.

கேள்வி: அக்கா, வயித்தைக் குறைக்கறதுன்னா கொழுப்பை உறிஞ்சி எடுக்கறதுதானே?

இல்லம்மா, ரொம்ப பேர் அப்படித்தான் நினைச்சிட்டு வர்றாங்க. அது லைப்போசக்‌ஷன், தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பை எடுக்கறது. இது இரைப்பையில பண்றது. இதுல ரெண்டு முறை முக்கியம், ஸ்லீவ், பைபாஸ். நிறைய நடக்கறது ஸ்லீவ். வயித்துல நாலஞ்சு சின்ன ஓட்டை போட்டு லேப்ராஸ்கோப்பி மூலமா, அதாவது கேமரா குழாயை உள்ள விட்டுப் பாத்துக்கிட்டே, இரைப்பையை நீளவாக்குல ஸ்டேப்ளர் அடிச்சு முக்கால் பங்குக்கு மேல வெட்டி வெளிய எடுத்துடுவாங்க, மிச்சம் இருக்கறது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய், 100, 150 மில்லி பிடிக்கும் அவ்ளோதான். வெட்டி எடுக்கற பாகத்துலதான் பசியைத் தூண்டற கிரெலின் ஹார்மோன் அதிகமா சுரக்குது, அதனால இடம் குறையறதோட பசியும் குறையுது. எடுத்தது எடுத்ததுதான், திரும்ப வைக்க முடியாது.

இன்னொண்ணு பைபாஸ், ஹார்ட்டுக்குப் பண்றது இல்ல, இரைப்பைக்குப் பண்றது. இதுல இரைப்பையை வெளிய எடுக்கறதில்ல, மேல 30 மில்லி அளவுக்கு ஒரு குட்டிப் பையா பிரிச்சு அதை சிறுகுடலோட கொஞ்சம் தள்ளி சேர்த்துடுவாங்க. ஏற்கனவே நெஞ்செரிச்சல் ஜாஸ்தியா இருக்கறவங்களுக்கு ஸ்லீவ் பண்ணா அது இன்னும் கூடலாம், அவங்களுக்கு பைபாஸ்தான் நல்லது. ஆபரேஷனுக்கு முன்னாடி எண்டோஸ்கோப்பி பாக்கச் சொல்றது இதுக்காகவும்தான்.

கேள்வி: வயசு 46, வெயிட் 94 கிலோ, உயரம் 5 அடி 3 இன்ச், 4 வருஷமா சுகர், மாத்திரை போட்டும் கட்டுப்படல. எனக்கு பண்ணலாமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?

சார், உங்க பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்ளோன்னு பாக்கற கணக்கு, கிட்டத்தட்ட 36.7 வருது. நம்ம நாட்டு சர்ஜன்கள் ரொம்ப வருஷமா வச்சிருந்த கணக்கு 37.5, கூட சுகர், தூக்கத்துல மூச்சு அடைக்கறது மாதிரி நோய் இருந்தா 32.5. வெள்ளைக்காரங்களை விட குறைஞ்ச எடையிலயே நமக்கு சுகரும் ஹார்ட் பிரச்சனையும் வந்துடுது, அதனாலதான் அளவைக் குறைச்சு வச்சிருக்காங்க. நீங்க அதுக்குள்ள வர்றீங்க. இன்சூரன்ஸ்ல விதி வேற: பிஎம்ஐ 40 இருக்கணும், இல்ல 35க்கு மேல இருந்து கட்டுப்படாத சுகர், ஹார்ட் நோய், கடுமையான ஸ்லீப் ஏப்னியா (தூக்கத்துல மூச்சு அடைக்கறது) இதுல ஒண்ணு இருக்கணும், டயட் எக்ஸர்சைஸ் எல்லாம் பண்ணியும் பலன் இல்லைன்னு காட்டணும். அதனால இதுவரைக்கும் டாக்டர்கிட்ட போன சீட்டு, டயட் சார்ட் எதையும் தூக்கிப் போட்டுடாதீங்க, பாலிசி எடுத்து எவ்ளோ நாள் கழிச்சு க்ளெய்ம் பண்ணலாம்ங்கற வெயிட்டிங் பீரியடையும் பாத்துக்கோங்க.

சுகர் வந்து 4 வருஷம்தான், இன்சுலினும் போடலைங்கறது உங்களுக்கு நல்ல விஷயம். ரொம்ப வருஷம் இன்சுலின் போட்டவங்களை விட இப்படி இருக்கறவங்களுக்கு மாத்திரையே இல்லாம சுகர் நார்மலா நிக்கற வாய்ப்பு அதிகம். ஒண்ணு முக்கியம், ஆபரேஷன் முடிஞ்ச சில நாள்லயே சுகர் இறங்க ஆரம்பிக்கும், பழைய டோஸ்லயே மாத்திரை போட்டா லோ சுகர் ஆயிடும். வீட்டுக்குப் போறப்பவே புது டோஸ் எழுதி வாங்கிக்கோங்க.

கேள்வி: "வாயைக் கட்டுனா போதும், எதுக்கு வயித்தை வெட்டணும்"னு மாமியார் சொல்றாங்க. எனக்கே குற்ற உணர்ச்சியா இருக்கு.

இந்தக் கேள்விக்காகவே நான் உக்காந்தேன்னு வச்சுக்கோங்க. எங்ககிட்ட வர்றவங்க யாரும் வாயைக் கட்டாதவங்க இல்ல, பத்து தடவை கட்டி பத்து தடவையும் 10, 15 கிலோ குறைச்சு திரும்ப ஏறினவங்க. எடை குறைஞ்சா உடம்பு அதைப் பட்டினின்னு எடுத்துக்குது, பசி ஹார்மோன் கூடுது, ஓய்வுல இருக்கறப்போ செலவாகற சக்தியும் குறையுது, பழைய எடைக்கே இழுத்துட்டுப் போகும். இது மன உறுதி இல்லாததால வர்றது இல்ல. ஸ்வீடன்ல 1987ல ஆரம்பிச்ச ஒரு பெரிய ஆய்வுல, ஆபரேஷன் பண்ணவங்களையும் பண்ணாதவங்களையும் வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தாங்க, பண்ணவங்கள்ல இறப்பு குறைவா இருந்துச்சு. மாமியாரை அடுத்த தடவை கவுன்சிலிங்குக்கு கூட்டிட்டு வாங்கம்மா. கேட்டதுக்கு அப்புறம் அவங்களே கஞ்சி வடிகட்டிக் கொடுக்கறதை நிறைய வீட்டுல பாத்திருக்கேன்.

கேள்வி: 2024ல சென்னையில ஒரு இளைஞர் இந்த ஆபரேஷன்ல இறந்துட்டாரே, பயமா இருக்கு.

அந்த செய்தி வந்த வாரம் எங்க வார்டுல எல்லாருமே கலங்கிப் போயிட்டோம். பயப்படாதீங்கன்னு சும்மா சொல்ல மாட்டேன். அனுபவம் உள்ள இடத்துல ஆயிரம் பேருக்கு ஒருத்தர்லேர்ந்து மூணு பேர் வரைக்கும் உயிர் ஆபத்து, பித்தப்பை ஆபரேஷன் மாதிரிதான். ஸ்டேப்ளர் போட்ட இடம் கசியறது ஸ்லீவ்ல நூத்துக்கு ஒருத்தருக்கு வரலாம். டிஸ்சார்ஜ் ஆனதுக்கு அப்புறம் காய்ச்சல், வேகமா துடிக்கற நெஞ்சு, தோள்பட்டை வலி வந்தா கேஸ்னு நினைச்சு கஷாயம் குடிச்சுட்டு இருக்காதீங்க, அன்னைக்கே போங்க. இடம் தேர்ந்தெடுக்கறப்போ பேக்கேஜ் ரேட்டைக் கேக்கறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: சர்ஜன் வருஷத்துக்கு எத்தனை பண்றார், ஐசியு அதே கட்டடத்துல இருக்கா, ராத்திரி 2 மணிக்கு பிரச்சனைன்னா மயக்க டாக்டர் யார் இருப்பாங்க.

கேள்வி: முதல்ல என்ன சாப்பிடணும்?

மருந்து ஊத்தற 30 மில்லி குட்டி கப் இருக்குல்ல, அதுதான் கையில கொடுப்போம். அந்த ஒரு கப் தண்ணியை மெதுவா, உறிஞ்சாம, அஞ்சாறு வாய் வச்சுக் குடிக்கணும். ரெண்டு வாரம் தெளிவான மோர், வடிகட்டின பருப்புத் தண்ணி, புரோட்டீன் பவுடர், அப்புறம் கூழா மசிச்சது, அப்புறம் குழைஞ்ச சோறு, வழக்கமான சாப்பாட்டுக்கு வர ரெண்டு மாசம் ஆயிடும். முதல் தடவை அரை இட்லி சாப்பிடறவங்களைப் பாத்தா தெரியும், டீஸ்பூன் நுனியில எடுத்து, மென்னு, ஸ்பூனைக் கீழ வச்சு, இருபது நிமிஷம் ஆகும், அதுக்கே போதும்னு தட்டைத் தள்ளிடுவாங்க. சாப்பிடறப்போ தண்ணி வேண்டாம், அரை மணி நேரம் கழிச்சு குடிங்க. தட்டுல முதல்ல முட்டை, பனீர், மீன், கடைசில சோறு. ஒரு நாளைக்கு 60 கிராம் புரோட்டீனாவது உள்ள போகணும்.

கேள்வி: சிஸ்டர், மூணாவது மாசம், முடி கொத்து கொத்தா கொட்டுது. வைட்டமின் மாத்திரையை நிறுத்திட்டேன், வாமிட் வருது.

முடி கொட்டறது மூணாவது மாசத்துலேர்ந்து ஆறாவது மாசம் வரைக்கும் சகஜம், புரோட்டீனும் இரும்புச்சத்தும் ஒழுங்கா போனா திரும்ப வளரும், அதுக்கு அழாதீங்க. மாத்திரையை நிறுத்தினதுதான் எனக்குக் கவலை. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசு முழுக்க வேணும். வாமிட் நாள் கணக்குல இருந்தா பி1 தீர்ந்துடும். போன வருஷம் ஒரு பொண்ணு, வாமிட்டுக்கு ஊர்ல ஒரு கிளினிக்ல வெறும் குளுக்கோஸ் ஏத்திட்டு வந்தா, பாக்கறதெல்லாம் ரெண்டா தெரியுது, சுவரைப் பிடிச்சுதான் நடக்கறா. அது பி1 குறைஞ்சு மூளையைத் தாக்கறது, குளுக்கோஸுக்கு முன்னாடி தயமின், அதான் பி1, ஊசி போட்டிருக்கணும். எங்க போனாலும் இரைப்பை ஆபரேஷன் ஆச்சுன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க. நீங்க நாளைக்கே உங்க சர்ஜனைப் பாருங்க ப்ளீஸ்.

கேள்வி: எடை குறைக்க ஊசி வந்துடுச்சே, ஆபரேஷன் எதுக்கு?

நீங்க கேக்கற ஊசி மவுஞ்சாரோ மாதிரி, அது 2025 மார்ச்ல இந்தியாவுக்கு வந்தது. நல்ல மருந்துதான், ஆய்வுகள்ல உடல் எடையில 20 சதவீதம் வரைக்கும் சராசரியா குறைஞ்சிருக்கு, ஸ்லீவ்ல 25 முதல் 30. ஆனா நிறுத்தினா பெரும்பாலும் எடை திரும்ப ஏறுது, மாசாமாசம் செலவு. பிஎம்ஐ 45, 50ன்னு இருக்கறவங்களுக்கு ஊசியில கொஞ்சம் குறைச்சுட்டு அப்புறம் ஆபரேஷன் போறதும் நடக்குது.

கேள்வி: கல்யாணம் ஆகி 3 வருஷம், பிசிஓடி. ஆபரேஷன் பண்ணா குழந்தைக்கு எப்போ முயற்சி பண்ணலாம்?

12லேர்ந்து 18 மாசம் பொறுத்துக்கோம்மா. எடை வேகமா இறங்கறப்போ குழந்தைக்கு சத்து பத்தாது. ஆனா எடை இறங்கினதும் நின்னு போன பீரியட்ஸ் சட்டுனு ஒழுங்காயிடும், எதிர்பாக்காம கரு நின்னுடும், அதனால முதல் மாசத்துலேர்ந்தே கருத்தடை வேணும். பைபாஸ் பண்ணா கருத்தடை மாத்திரையை உடம்பு சரியா உறிஞ்சாம போகலாம், காப்பர் டி பத்தி டாக்டர்கிட்ட ஆபரேஷனுக்கு முன்னாடியே பேசிடு. உண்டானதும் சுகர் டெஸ்டுக்கு குளுக்கோஸ் தண்ணி குடிக்கச் சொன்னா நீ பைபாஸ் பண்ணவன்னு சொல்லு, அது குடிச்சா தலை சுத்தி வேர்த்துக் கொட்டும், வீட்டுல ஒரு வாரம் சுகர் குத்திப் பாத்தே அவங்க கண்டுபிடிச்சுக்கலாம்.