பிராசசர் கூலரில் இரண்டாவது விசிறி சேர்த்தால் சூடு உண்மையிலேயே குறையுமா?

குறையும். எனக்கு 3 டிகிரி குறைந்தது. பிராசசர் என்பது கணினியின் மூளையான சில்லு, அதன் சூட்டைத் தணிக்க மேலே பொருத்துவதுதான் கூலர். மூன்று டிகிரிக்காகவா இவ்வளவு பாடு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை மனத்தில் வைத்துத்தான் சற்று நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் கூலர் எது என்று நீங்கள் சொல்லவில்லை. கோபுரம் போல நிமிர்ந்து நிற்கும் வகை, ஒரு பக்கம் மட்டும் விசிறி, கோடை வந்ததும் இரைச்சல் தாங்க முடியவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இரைச்சல் இல்லாதவருக்கு இந்தக் கேள்வியே தோன்றாது. பிராசசருடன் பெட்டியிலேயே வரும் தட்டையான கூலர் என்றால் அதில் இன்னொரு விசிறிக்கு இடமே கிடையாது. கூலரையே மாற்ற வேண்டியதுதான். மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

எனக்குத் தொழில் திருமண வீடியோ எடிட்டிங். திருச்சியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருக்கிறோம். மேற்குப் பார்த்த அறை. வைகாசியில் இரவு பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தாலும் சுடும். அந்த அறையில்தான் என் கணினி, அதே அறையில்தான் எங்கள் எட்டு மாதக் குழந்தையின் தூளி. கணினி 2018இல் வாங்கியது. இன்டெல் ஐ7-8700 பிராசசர், அதன் மேல் கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 ஈவோ. நான்கு செப்புக் குழாய்கள், அலுமினியத் தகடுகள், முன்பக்கம் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று. நம் ஊரில் எத்தனையோ பேரிடம் இருக்கும் கூலர்தான்.

சென்ற வைகாசியில் ஒரே வாரத்தில் நான்கு திருமணங்கள். வரவேற்பும் முகூர்த்தமும் சேர்த்து நான்கு மணி நேர வீடியோ. எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றி எடுக்கும் எக்ஸ்போர்ட்டில் இரவு பதினொரு மணிக்குப் போட்டால் விடியற்காலை நான்கு மணிக்கு முடியும். அந்த ஐந்து மணி நேரமும் பிராசசருக்குள் கணக்கிடும் பகுதிகளான ஆறு கோர்களும் மூச்சுவிடாமல் வேலை செய்யும். அறை வெப்பம் 36 டிகிரி, பிராசசர் 94. விசிறி தன் உச்ச வேகமான நிமிடத்துக்கு 1600 சுற்றில் ஓடும். குழந்தை அரை மணிக்கு ஒருமுறை எழுந்து அழுவாள். என் மனைவி எதுவும் சொல்லாமல் அவளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவாள். அந்த ‘எதுவும் சொல்லாமல்’தான் எனக்கு வலித்தது.

இரண்டு விசிறி இருந்தால் இரண்டும் மெதுவாக ஓடினாலே போதும் என்று கணக்குப் போட்டு, கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. புது விசிறி வாங்கினேன், பொருத்துவதற்குக் கூலி 300 ரூபாய் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

அன்று இரவு வெப்பம் 100 டிகிரியைத் தொட்டது. இந்த பிராசசருக்கு 100தான் எல்லை. அதைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆறு கோர்களும் வழக்கமாக 4.3 கிகாஹெர்ட்சில் ஓடும், அன்று 3.9க்கு இறங்கிவிட்டது. நான்கு மணிக்கு முடிய வேண்டியது நான்கரைக்கு முடிந்தது. இரைச்சலும் இரண்டு மடங்கு போலத் தோன்றியது. காலையில் கடைக்குப் போன் செய்தேன். “அண்ணே, உங்கள் பிராசசர் பழையதாகிவிட்டது. மாற்றிவிடுங்கள், நல்ல விலைக்கு எடுத்துத் தருகிறேன்” என்றான் அந்தப் பையன். முதல் நாள் வரை 94இல் ஓடிய பிராசசர் ஒரே இரவில் எப்படிப் பழையதாகும்? கேட்டேன். பதில் இல்லை.

மதியம் கணினிப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கணினியை ஓடவிட்டேன். பூசை அலமாரியிலிருந்து ஓர் ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி முன் விசிறிக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். புகை நேராகத் தகடுகளுக்குள் போனது. சரி. பின் விசிறிக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்தேன். அங்கே புகை வெளியே தள்ளப்பட வேண்டும். ஆனால் அந்தப் புகையும் நூல் போல வளைந்து தகடுகளுக்குள்ளேயே போனது. இரண்டு பக்கமும் உள்ளே போன புகை, தகடுகளின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் வழியின்றிப் பிதுங்கிக் கலைந்தது. இரண்டு விசிறிகளும் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று ஊதிக்கொண்டிருந்தன. கைவிரல் நீளத்துக்கு ஒரு புகைக்கோடு, அதில் எல்லாம் தெரிந்துவிட்டது.

ஆகவே நீங்கள் செய்தால் திசையை மட்டும் பத்து முறை பாருங்கள். விசிறியின் ஒரு முகத்தில் இறக்கைகள் திறந்து தெரியும். காற்று உள்ளே நுழையும் பக்கம் அது. மறுமுகத்தில் நடுவே ஒட்டுத்தாள், அதைத் தாங்கும் நான்கு குறுக்குக் கம்பிகள், ஒயர் புறப்படும் இடம் எல்லாம் இருக்கும். காற்று வெளியேறும் பக்கம் அது. முன் விசிறி தகடுகளுக்குள் தள்ள வேண்டும், பின் விசிறி தகடுகளிலிருந்து இழுத்துக் கணினிப் பெட்டியான கேபினெட்டின் பின்புற விசிறியை நோக்கி அனுப்ப வேண்டும். அதாவது கேபினெட்டின் பின்பக்கமிருந்து பார்த்தால் ஒட்டுத்தாள் முகம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். எனக்குத் திறந்த இறக்கைகள் தெரிந்தன. சில விசிறிகளின் ஓரத்தில் இரண்டு அம்புக்குறிகள் இருக்கும். ஒன்று இறக்கை சுழலும் திசை, மற்றொன்று காற்று போகும் திசை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஈவோ வாங்கும்போதே பெட்டிக்குள் இரண்டாவது விசிறிக்கான பிடிப்புகளும் திருகுகளும் தனியாகக் கொடுத்திருப்பார்கள். என் பெட்டி பரணில் அப்படியே இருந்தது. கடைப் பையன் அதைக் கேட்கவும் இல்லை. விசிறியைப் பிளாஸ்டிக் டேகால் இழுத்துக் கட்டியிருந்தான். அதை வெட்டி எடுத்தேன். விசிறியைத் திருப்பிப் பிடிப்புகளை நான்கு திருகுகளால் முடுக்கித் தகடுகளின் ஓரத்தில் அழுத்தியதும் ‘டக்’ என்று உட்கார்ந்தது.

அன்று இரவு அதே 36 டிகிரி அறையில் 91. அந்த மூன்று டிகிரி இதுதான்.

ஏன் மூன்றுதான், ஏன் பாதியாகக் குறையவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு கன மீட்டர் காற்று தகடுகள் வழியாகப் போகிறது என்று வையுங்கள். பிராசசர் 120 வாட் வெப்பத்தைக் கொட்டினாலும் அந்தக் காற்று ஏறத்தாழ 6 டிகிரிதான் சூடேறும். விசிறி கூடினால் இந்த ஆறில் ஒரு பங்கு குறையும். தகட்டிலிருந்து காற்றுக்கு வெப்பம் கைமாறுவதும் சற்று எளிதாகும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விசிறி வைத்தால் காற்று இரட்டிப்பாகாது. தகடுகளின் தடையை மீறித் தள்ளும் அழுத்தம்தான் கூடும். 36க்கும் 94க்கும் நடுவே இருக்கும் மீதி டிகிரிகள் பெரும்பாலும் சில்லிலிருந்து தகடு வரை வரும் பாதையில் சிக்கிக் கிடக்கின்றன. 8700இல் சில்லுக்கும் அதன் உலோக மூடிக்கும் நடுவே பற்றவைப்பு கிடையாது, வெப்பத்தைக் கடத்தும் பசையான வெறும் பேஸ்ட்தான். வெளியே எத்தனை விசிறி வைத்தாலும் அந்த இடத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் நான் 91இல் நிற்கவில்லை. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் போய் இரண்டு விசிறிகளின் உச்சத்தையும் 1200 சுற்றுக்கு இறக்கினேன். வெப்பம் மறுபடி 94க்கு வந்தது, சத்தம் போய்விட்டது. ஒரே மாதிரி இரண்டு விசிறி ஒரே வேகத்தில் ஓடினால் சத்தம் 3 டெசிபல் கூடும் என்பது உண்மை. ஆனால் 1600ஐ 1200 ஆக்கினால் குறையும் சத்தம் அதைவிட அதிகம். குழந்தை அன்று ஒரே தூக்கமாக நான்கு மணி வரை தூங்கினாள். அதைப் பணம் வீண் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

“தூசியைத் துடைத்துப் பேஸ்ட்டை மாற்றியிருந்தால் விசிறியே தேவைப்பட்டிருக்காது” என்றும் சொல்வார்கள். பாதி சரி. அடுத்த மாதம் கூலரைக் கழற்றியபோது மூடிக்கும் கூலருக்கும் நடுவே இருந்த ஐந்தாண்டுப் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பு போல உதிர்ந்தது. துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டதில் இன்னும் 5 டிகிரி குறைந்தது. நீங்கள் அதை முதலில் செய்யுங்கள், செலவும் குறைவு. ஆனால் அதற்குப் பிறகும் நான் இரண்டாவது விசிறியை எடுக்கவில்லை.

“ஏசி போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்ததே” என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். எங்கள் வீட்டுக்காரர் தனி மீட்டர் வைத்து முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய் வாங்குகிறார். இலவசம் யாருக்குப் போகிறது என்று கேட்டால் “பிடிக்கவில்லை என்றால் வேறு வீடு பாருங்கள்” என்கிறார். ஒன்றரை டன் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை யூனிட் இழுத்தால், ஐந்து மணி நேர எக்ஸ்போர்ட்டுக்கு ஏறத்தாழ 68 ரூபாய். ஒரு மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள். குடியிருப்பவர் பெயரில் போக வேண்டிய சலுகை வீட்டுக்காரர் பையில் நிற்கிறது. ஊருக்கு ஊர் நடக்கிறது, கேட்க நாதியில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் கணினிச் சூட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எல்லோருடைய அறையும் 24 டிகிரியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அறிவுரை சொல்கிறார்கள். கூலர் எதுவானாலும் அறை வெப்பத்துக்குக் கீழே இறக்க முடியாது. 24 டிகிரி அறையில் அந்த மூன்று டிகிரி தெரியாது. 36 டிகிரி அறையில் தெரியும்.

மின் இணைப்பைப் பற்றிச் சுருக்கமாக. கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் ‘சிபியூ ஃபேன்’ என்ற நான்கு ஊசி இணைப்புக்குப் பக்கத்தில் ‘சிபியூ ஆப்ட்’ என்று இன்னொன்று இருந்தால் இரண்டாவது விசிறியை அதில் செருகுங்கள். இல்லாவிட்டால் ஒய் வடிவப் பிரிப்பு ஒயர் போதும். ஓர் இணைப்பு பொதுவாக 1 ஆம்பியர் தாங்கும். விசிறியின் ஒட்டுத்தாளில் எழுதியிருக்கும் ஆம்பியரைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிப்பு ஒயரில் ஒரு கிளையில் மூன்று கம்பிகள்தான் இருக்கும். பழுது என்று பயப்பட வேண்டாம், சுற்று எண்ணிக்கையை ஒரு விசிறியிலிருந்து மட்டுமே மதர்போர்டு படிக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். நினைவகத் தட்டான ரேம் உயரமானதாக இருந்தால் முன் விசிறியைச் சற்று மேலே ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது பக்கவாட்டுத் தகடு மூடுகிறதா என்று பார்த்துவிட்டு முடுக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும், பக்கவாட்டுத் தகட்டை மூடுவதற்கு முன்னால், மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பின் விசிறிக்குப் பின்னால் பிடியுங்கள். காகிதம் விசிறியை விட்டு விலகிப் பறந்தால் மூடிவிடலாம். விசிறியில் போய் ஒட்டிக்கொண்டால் மறுபடி கழற்றித் திருப்புங்கள்.