மூன்று வயது மகள் ஒல்லியாக இருக்கிறாள், சத்து பவுடர் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்குப் போன மாதம் மூன்று வயது முடிந்தது. எடை 11.8 கிலோ, உயரம் 91 செ.மீ. பக்கத்து வீட்டுப் பையன் அதே வயதில் 15 கிலோ இருக்கிறான். சோறு ஊட்டினால் இவள் வாயிலேயே அடக்கி வைத்துக்கொள்கிறாள், அதனால் தினமும் நாலு டம்ளர் பால் கொடுத்துவிடுகிறேன். விளம்பரத்தில் வரும் பவுடரைப் பாலில் கலந்து கொடுத்தால் எடையும் உயரமும் கூடுமா? அங்கன்வாடியில் வெறும் விளையாட்டுதான், எழுதப் பழக்கும் பள்ளியில் சேர்த்துவிடு என்கிறார் மாமியார். என்ன செய்வது? – வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: பவுடர் வேண்டாம். பாலைக் குறையுங்கள். அங்கன்வாடியை நிறுத்தாதீர்கள்.

முதலில் எடை. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி, மூன்று வயது முடிந்த பெண் குழந்தைக்கு நடு அளவு 13.9 கிலோ, 95.1 செ.மீ. குறைபாடு என்று நாங்கள் கணக்கில் எடுப்பது 10.8 கிலோவுக்கும் 87.4 செ.மீட்டருக்கும் கீழே போனால்தான். உங்கள் மகள் நடு அளவுக்குக் கீழே இருக்கிறாள், ஆனால் எல்லைக்குள் இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பையனை விட்டுவிடுங்கள்.

'இதெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு, நம் பிள்ளைகள் உடல்வாகே இப்படித்தான்' என்று வீட்டில் யாராவது சொல்லலாம். அது சரியல்ல. இந்த அட்டவணைக்காக 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள். நம் நாட்டில் தெற்கு டெல்லியில் நடந்தது. தாய்ப்பாலும் நல்ல உணவும் சுத்தமான சூழலும் கிடைத்த குழந்தைகள் எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். உயர வித்தியாசத்தில் நாட்டைப் பொறுத்தது வெறும் 3 சதவீதம். அப்பா அம்மா உயரத்தைப் பொறுத்துக் குழந்தைக்குக் குழந்தை மாறும், அது வேறு. 'நம் ஊர்ப் பிள்ளை' என்பதற்காகக் குட்டையாக இருக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் எடுத்த எடையை வைத்து நானும் முடிவு சொல்ல முடியாது. தாய் சேய் நல அட்டையை எடுத்து, பிறந்ததிலிருந்து குறித்த புள்ளிகள் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். இந்த வயதில் வருடத்துக்குச் சுமார் 2 கிலோ ஏறும். கோடு மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தால் நிம்மதியாக இருங்கள். மட்டமாகப் படுத்துவிட்டதா, அப்போது காரணம் தேட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அந்த நாலு டம்ளர் பால்தான். அது 600 முதல் 800 மில்லி வரும். அவ்வளவு பால் குடித்த வயிற்றில் சோற்றுக்கு எங்கே இடம்? அவள் வாயில் அடக்கி வைத்திருப்பது அடம் இல்லை, பசியே இல்லை. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, மற்ற உணவில் உள்ள இரும்பு உடலில் சேர்வதையும் அது தடுக்கும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தசோகை முகத்தை வெளிறச் செய்வதோடு நிற்பதில்லை. கவனம், சுறுசுறுப்பு, பசி மூன்றையும் குறைக்கும். எனவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். வாரம் இருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து சிரப்பையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தரும் குடற்புழு மாத்திரையையும் விட வேண்டாம்.

பாலை இரண்டு டம்ளருக்குக் குறைத்து, சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் கொடுக்காமல் இருந்து பாருங்கள். டீ வேண்டவே வேண்டாம். முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை, மீன், வேர்க்கடலைச் சட்னி (முழுக் கடலை தொண்டையில் சிக்கும், ஐந்து வயது வரை கொடுக்காதீர்கள்), சோற்றில் ஒரு ஸ்பூன் நெய் அல்லது எண்ணெய், கூடவே கொய்யாவோ நெல்லியோ. தட்டைத் தனியாக வைத்து அவள் கையாலேயே சாப்பிட விடுங்கள், சிந்தட்டும். அரை மணி நேரம் ஆனதும் தட்டை எடுத்துவிடுங்கள். கையில் போன் கொடுத்து ஊட்டும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

பவுடருக்கு வருகிறேன். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் மால்ட்டும் சர்க்கரையும்தான் முன்னால் இருக்கும். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை. அந்தத் தலைப்பிலிருந்து இவற்றை நீக்கும்படி 2024 ஏப்ரலில் இணைய விற்பனை நிறுவனங்களிடம் மத்திய அரசே சொன்னது. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

மாமியார் கேட்ட கேள்விக்கு ஜமைக்காவில் பதில் கிடைத்திருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 சின்னக் குழந்தைகளை சாலி கிரந்தம்-மெக்ரிகர் என்ற மருத்துவரின் குழு நான்கு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வாரம் 1 கிலோ பால்மாவு. இன்னொன்றுக்கு, சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து, வீட்டிலேயே செய்த பொம்மைகளை வைத்து எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று அம்மாவுக்குக் காட்டினார். மூன்றாவதுக்கு இரண்டும், நான்காவதுக்கு எதுவும் இல்லை. இரண்டு வருடம் நடந்தது. பால்மாவு மட்டும் பெற்றவர்களின் அறிவு வளர்ச்சியில் தெரிந்த பலன் நிலைக்கவில்லை. விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்கள், 20 வருடம் கழித்துப் பார்த்தபோது, கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். சாப்பாடு முக்கியமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் 'வெறும் விளையாட்டு' என்று ஒன்று இந்த வயதில் கிடையாது.

நம் மாநிலத்திலேயே 640 அங்கன்வாடிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதி மையங்களுக்குக் கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளரைக் கொடுத்தார்கள். முன்பருவக் கல்விக்கான நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை வருடத்தில் குழந்தைகளின் மொழியும் கணக்கும் தேறின, வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் குறைந்தார்கள். அதனால் உங்கள் ஊர் அங்கன்வாடிக்குப் போய், பாட்டும் கதையும் எவ்வளவு நேரம் நடக்கிறது என்று டீச்சரிடம் கேளுங்கள். பென்சில் பிடித்து எழுத மூன்று வயது விரல் தயாராக இல்லை, கட்டாயப்படுத்தினால் வெறுப்புதான் வரும். மாவு பிசையட்டும், வெங்காயம் உரிக்கட்டும், நீங்கள் சமைக்கும்போது 'பெரிய தக்காளி எது, சின்னது எது' என்று பேசிக்கொண்டே இருங்கள். மாமியார் கதை சொல்வாரா? இந்த வீட்டில் அவரைவிட நல்ல ஆசிரியர் அவளுக்குக் கிடையாது.

மூன்று மாதம் கழித்து அதே தராசில், குறைந்த உடையில் எடை பாருங்கள். சிறிதும் ஏறவில்லை என்றால் குழந்தைகள் நல மருத்துவரை நேரில் பாருங்கள். அடிக்கடி பேதி, மண்ணோ சாக்பீஸோ தின்பது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மேல்கையின் சுற்றளவு 12.5 செ.மீட்டருக்குக் கீழே, மூன்று வார்த்தை சேர்த்துப் பேசாமை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அந்த மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். அட்டையை எடுத்துக்கொண்டு உடனே அவரிடம் போங்கள்.