ஸ்க்வாட்டில் 180 கிலோ, குதிப்பதில் மட்டும் ஏன் தோற்கிறேன்?

எடைப் பயிற்சி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு வேலூர்ப் பக்கம் பளுதூக்கும் பயிற்சி கொடுத்துவரும் நம் பயிற்சியாளரின் பதில்கள்.

கேள்வி: எனக்கு 27 வயது, எடை 88 கிலோ. பல வருடமாக ஜிம் போகிறேன். ஸ்க்வாட்டில் 180 கிலோ போடுவேன். எங்கள் வாலிபால் டீமில் ஒருவன் 64 கிலோதான் இருப்பான். 110 கிலோவுக்கு மேல் வைத்தால் அவனால் எழ முடியாது. ஆனால் நெட் பக்கத்தில் என்னைவிட ஒரு சாண் அதிகம் குதிக்கிறான். என் பலமெல்லாம் எங்கே சார் போகிறது? (வாசகர், ஈரோடு)

பதில்: எங்கேயும் போகவில்லை தம்பி, உள்ளேயேதான் இருக்கிறது. வெளியே வர நேரம் போதவில்லை.

ஸ்க்வாட்டில் 180 கிலோ பாரைத் தோளில் சுமந்து, உட்கார்ந்த நிலையிலிருந்து எழ உங்களுக்கு இரண்டு மூன்று விநாடி ஆகும். யாரும் விரட்டுவதில்லை. நெட் பக்கத்தில் அப்படி இல்லை. ஓடிவந்து கால் பதித்துக் கிளம்ப உங்களுக்குக் கிடைப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு விநாடி. ஒரு மனிதனின் கால் தசைகள் தங்கள் முழு விசையைத் திரட்டவே அவ்வளவு நேரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். நீளம் தாண்டுபவருக்குப் பலகையில் சுமார் 0.12 விநாடிதான். நூறு மீட்டர் ஓடுபவரின் பாதம் முழு வேகத்தில் தரையில் இருப்பது 0.1 விநாடிகூட இல்லை. பேங்க்கில் லட்ச ரூபாய் இருந்தாலும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வந்து நிற்கும்போது பையில் இருக்கும் சில்லறைதான் டிக்கெட் வாங்கும். உங்கள் நண்பனுக்கு இருப்பு குறைவு, சில்லறை அதிகம்.

ஒரு கணக்கு பார்ப்போம். டெட்லிஃப்டில், அதாவது பாரைத் தரையிலிருந்து இடுப்பளவுக்குத் தூக்குவதில், 200 கிலோவை ஒருவர் அரை மீட்டர் தூக்க இரண்டரை விநாடி எடுத்துக்கொள்கிறார். இன்னொருவர் 100 கிலோ பாரை ஸ்னாட்சில் (தரையிலிருந்து ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோவது) ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.8 விநாடியில் இழுக்கிறார். பாருக்குச் செய்த வேலை இரண்டிலும் ஒன்றேதான், 980 ஜூல். ஆனால் முதலாமவரின் பவர் 392 வாட், இரண்டாமவருடையது 1225 வாட். பாதி எடை, மூன்று மடங்கு பவர். பவர் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. இரண்டில் ஒன்றை மட்டும் வளர்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். சுருங்கும் வேகம் கூடக் கூட தசை தரும் விசை குறையும் என்பதை உடலியல் அறிஞர் ஏ.வி. ஹில் 1938-லேயே தவளைத் தசையை வைத்துக் காட்டிவிட்டார்.

இதைப் படித்துவிட்டு ஸ்க்வாட்டையே விட்டுவிடாதீர்கள். அந்த 180 வீண் இல்லை. வாரத்தில் ஒரு நாள் கனமாகப் போட்டால் பலம் அப்படியே நிற்கும். மற்ற நாட்களில் வெறும் உடம்போடு, அல்லது வெறும் பாரோடு ஜம்ப் ஸ்க்வாட், அதாவது ஸ்க்வாட் மாதிரி இறங்கி மேலே குதிப்பது. அளந்து பார்த்த ஆய்வுகளில் ஜம்ப் ஸ்க்வாட்டின் உச்ச பவர் வெறும் உடம்போடு குதிக்கும்போதே வந்திருக்கிறது. பாரைத் தரையிலிருந்து வேகமாகத் தோளுக்கு இழுக்கும் பவர் கிளீனில் அது, ஒரு தடவை தூக்க முடிந்த உச்ச எடையின் 80 சதவீதத்தை ஒட்டி வருகிறது. ஆக, 'இந்த எடைதான் பவர் எடை' என்று ஜிம்மில் யாராவது ஒரே எண்ணைச் சொன்னால், எந்தப் பயிற்சிக்கு என்று கேளுங்கள்.

ஒரு செட்டில் மூன்று முதல் ஐந்து தடவை போதும். நடுவில் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. மூச்சு இரைக்க இரைக்கக் குதிப்பதைப் பலர் பவர் என்று நினைக்கிறார்கள். அது தாக்குப்பிடிக்கும் பயிற்சி, வேறு கணக்கு. குதிப்பதை முதலில் முடியுங்கள், கனமான ஸ்க்வாட் பிறகு. களைத்த காலுக்கு வேகம் வராது.

எங்கள் ஷெட்டில் சுவரை ஒட்டி நிற்கவைத்து, நடுவிரலில் சாக்பீஸ் தூள் தடவி, கையை உயர்த்தி ஒரு குறி, குதித்து ஒரு குறி வைக்கச் சொல்வேன். இரண்டுக்கும் நடுவே டேப் வைத்துத் தேதியோடு எழுதிவைப்போம். ஸ்க்வாட் 20 கிலோ ஏறியும் அந்த இடைவெளி அசையவில்லை என்றால், பலம் சேர்த்தது போதும், இனி வேகம் என்று அர்த்தம். நீங்கள் இப்போது அங்கேதான் இருக்கிறீர்கள். அப்புறம், 88 கிலோவையும் நீங்களேதான் மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதில் தொப்பையின் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, கண்ணாடிக்குத் தெரியும்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, நீளம் தாண்டுகிறான். புதிய கோச் அவனை ஸ்க்வாட் செய்யச் சொல்கிறார். எடை தூக்கினால் உடம்பு இறுகி வேகம் போய்விடும், வளர்ச்சியும் நின்றுவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். (வாசகர், தூத்துக்குடி)

பதில்: சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல்) 179 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோனவரை மந்தமானவர் என்று உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வார்களா? வளர்ச்சி நிற்கும் என்பதும் வெறும் பேச்சு. ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துச் செய்தால் உயரம் குறையாது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போட்டி போட்டுத் தூக்குவதில்தான் ஆபத்து.

தாண்டும்போது பலகையில் ஊன்றும் காலின் மேல் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை இறங்கும். அதில் முழங்கால் ரொம்ப மடங்கிவிட்டால் ஓடிவந்த வேகம் அங்கேயே செத்துவிடும். அந்தக் கால் தாங்க பலம் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. பலம் குறைந்தவர்களில் ஒரு பிரிவுக்குக் கனமான ஸ்க்வாட், இன்னொரு பிரிவுக்கு ஜம்ப் ஸ்க்வாட் என்று பத்து வாரம் கொடுத்துப் பார்த்த 2010 ஆய்வு ஒன்றில் இரு பிரிவினரும் கிட்டத்தட்ட ஒரே அளவு முன்னேறினார்கள். பலமில்லாதவனுக்கு எது கொடுத்தாலும் பலன். அதனால் உங்கள் மகனுக்கு இப்போது அடித்தளம் போடும் காலம், ஈரோடு வாசகருக்குச் சொன்ன மருந்து அவனுக்கு வேண்டாம். உயரத்திலிருந்து குதித்து இறங்கியதும் உடனே துள்ளும் டெப்த் ஜம்ப்பும் இப்போது வேண்டாம். சோவியத் பயிற்சியாளர் வெர்கோஷான்ஸ்கி புகழ்பெறச் செய்த முறை அது, பலத்த காலுக்கு உரியது.

கேள்வி: கல்லூரியில் குண்டும் ஈட்டியும் இரண்டும் எறிகிறேன். இரண்டுக்கும் ஒரே எடைப் பயிற்சி போதுமா மேடம்? (வாசகி, நாமக்கல்)

பதில்: மேடம் இல்லை, சார். பரவாயில்லை.

உங்கள் குண்டு 4 கிலோ, ஈட்டி 600 கிராம். கையில் இருப்பது கனமாக ஆக, உச்ச பலத்தின் பங்கு கூடும். உலகத் தரத்தில் ஆண்கள் எறியும் குண்டு விநாடிக்கு 14 மீட்டர் அளவில் கையை விட்டுப் போகிறது. ஈட்டியோ 30 மீட்டர், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். அந்த வேகத்தில் பெஞ்ச் பிரஸ்ஸில் சேர்த்த கடைசி 10 கிலோ உங்கள் தோளுக்கு வந்து உதவாது. குண்டுக்கு உதவும்.

ஆனால் ஈட்டியில் கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். எறிவதற்கு முந்தைய கடைசிக் காலடியில் முன்கால் ஊன்றி உடம்பை நிறுத்தும் அந்த நொடியில் கால் கல்தூண் மாதிரி நிற்க வேண்டும். அதனால் கால், இடுப்பு வேலை இரண்டுக்கும் பொது. தோள் வேலையைப் பிரியுங்கள். ஈட்டிக்கு மெடிசின் பால், கொஞ்சம் கனம் கூட்டிய பந்து எறிதல். குண்டுக்கு இன்க்ளைன் பிரஸ் (சாய்ந்த பெஞ்சில் படுத்துத் தள்ளுவது), புஷ் பிரஸ் (கால் உந்தலோடு தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளுவது).

கேள்வி: கபடியில் ரெய்டர். ஸ்க்வாட் எத்தனை கிலோ இருந்தால் போதும்? (வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: உடல் எடையைப் போல இரண்டு மடங்கு என்று பல கோச்சுகள் சொல்வார்கள். நல்ல இலக்குதான், வேதவாக்கு இல்லை. நீங்கள் கால் நீட்டி டச் எடுப்பது கண் இமைக்கும் நேரம். ஆனால் கார்னர் ஆள் கணுக்காலைப் பிடித்தபிறகு அவரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட ஒன்றிரண்டு விநாடி கிடைக்கிறதே, அங்கே முழு பலமும் செலவாகும். ரெய்டருக்கு இரண்டும் வேண்டும். ஒன்றரை மடங்குகூட வரவில்லை என்றால் முதலில் அதைக் கவனியுங்கள்.

கேள்வி: ஸ்க்வாட் போட எந்த ஷூ வாங்கலாம்? (வாசகர், திருச்சி)

பதில்: ரன்னிங் ஷூ வேண்டாம், அடிப்பாகம் மெத்தென்று அமுங்கி ஆட்டம் காட்டும். பழைய கேன்வாஸ் ஷூ இருந்தால் போதும். பளுதூக்குபவர்கள் போடும் குதிகால் உயர்ந்த ஷூ விலை அதிகம். கணுக்கால் நன்றாக மடங்காதவர்கள் மட்டும் அதைப் பற்றி யோசிக்கலாம்.