பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் தொழிலையும் கிராமத்து வீட்டையும் ஒரு தம்பதி சேர்த்து நடத்த முடியுமா?

நகர வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரின் ஓட்டு வீட்டில் இருந்துகொண்டே, செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளை வாங்கிப் புதுப்பித்து விற்கும் தொழிலை நீங்களும் உங்கள் மனைவியும் நடத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் என் கணவரும் திருமயத்திற்கு அருகே ஒரு சிற்றூரில், அவருடைய பாட்டனார் கட்டிய நாட்டோட்டு வீட்டில் குடியிருக்கிறோம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கடியாபட்டி போன்ற ஊர்களில் பிறருடைய பழைய வீடுகளைச் செப்பனிட்டுக் கொடுப்பதே எங்கள் பிழைப்பு. புதுப்பிக்கும் தொழிலைச் செய்யலாம், சொந்த வீட்டையும் காப்பாற்றலாம்; வாங்கி விற்கும் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்பதே என் பதில்.

வாங்குவது ஏன் வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டு வணிகச் சமூகத்தவரான நகரத்தாரின் வீடுகள் பெரும்பாலும் ஒரே ஒருவருடைய சொத்தாக இருப்பதில்லை. ஒரு தெருவில் முகப்பாகத் தொடங்கி, முற்றங்களும் கூடங்களுமாக நீண்டு, அடுத்த தெருவில் பின்கட்டாக முடியும் அந்த வீட்டில், வளவு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் திருமணமான ஆண்மக்களுக்குப் பங்காகக் கொடுக்கப்பட்டவை. இரண்டு மூன்று தலைமுறைகள் கடந்ததும் அந்தப் பங்குகள் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிதறிவிடுகின்றன. பங்காளிகளில் ஒருவர் கையெழுத்திட மறுத்தாலும் விற்பனை நின்றுவிடும். மறுப்பவரைக் குறை சொல்லவும் முடியாது. முன்னோர்க்குப் படைப்பு நடப்பதும் பிள்ளைகளின் திருமணச் சடங்குகள் நடப்பதும் அந்த வீட்டில்தான். வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்து இதை முடிவு செய்ய இயலாது. பல குடும்பங்களில் பாகப்பிரிவினை பதிவாகாமலே நடந்திருக்கும். உங்கள் சேமிப்பு இப்படிப்பட்ட ஒரு வீட்டில் முடங்கினால், உங்கள் ஊர் வீட்டுக் கூரைக்குச் செலவழிக்கப் பணம் இராது. ஒப்பந்தமாக வேலை எடுத்தால் இந்தச் சிக்கல் உரிமையாளர்களோடு நிற்கும். அப்போதும் எல்லாப் பங்காளிகளின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்காமல் பொதுக் கூரையில் கை வைக்காதீர்கள். ஓட்டைப் பிரித்துப் போட்ட பிறகு ஒருவர் வேலையை நிறுத்தச் சொன்னால், நனைந்து கெடுவது எல்லாருடைய சுவரும்தான்.

இந்த வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை, பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் ஈட்டிய வருமானத்தில் எழுந்தவை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதோடு அந்த வருமானத்தின் பெரும்பகுதி அற்றுப்போனது. அதன்பின் பூட்டிக் கிடந்த வீடுகளில் சில இப்போது விடுதிகளாக உயிர் பெற்றிருக்கின்றன. கோத்தமங்கலத்தில் 1910இல் கட்டப்பட்ட சாரதா விலாஸ் அவற்றில் ஒன்று. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்ற பிறகு ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் உங்களைத் தேடி வரப்போகும் வேலைகள் விடுதி வேலைகளாக இரா. ஆண்டுக்கு ஓரிரு முறை வந்து தங்கும் குடும்பம் ஒன்று ஒழுகலை நிறுத்தச் சொல்லும், ஒரு கழிவறை கட்டித் தரச் சொல்லும். அந்த இரண்டையும் சரியாகச் செய்பவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். பிறர் வீடும் உங்கள் வீடும் ஒரே காலத்தில் உங்களை அழைக்கும் என்பதுதான் இந்த வாழ்க்கையின் பெரிய நெருக்கடி. வடகிழக்குப் பருவமழை எல்லாக் கூரைக்கும் ஒன்றாகத்தான் வருகிறது. ஐப்பசி பிறக்கும் முன் எல்லாக் கூரைகளும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பதால், எங்கள் ஆண்டை ஐப்பசியிலிருந்து பின்னோக்கித்தான் எண்ணிக்கொள்கிறோம். பங்குனியிலிருந்து ஆனி வரை பிறர் வீட்டுக் கூரைகளைப் பிரித்து, கூரையின் சாய்வு மரங்களான கைமரமும் அவற்றின் மேல் ஓட்டைத் தாங்கும் வரிச்சும் மாற்றி, ஓடு வேய்ந்து முடிக்கிறோம். சுண்ணாம்புப் பூச்சுக்குத் தையும் மாசியும் ஏற்றவை. அக்கினி நட்சத்திர வெயிலில் பூசினால் ஈரம் விரைவாக வற்றிப் பூச்சு வெடித்துவிடும், அடைமழையில் பூசினால் இறுகவே இறுகாது. புரட்டாசியில் புதிதாக எந்தக் கூரையையும் திறப்பதில்லை. எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் மறுத்துவிடுகிறோம்.

இந்தக் கணக்கில் எங்கள் சொந்த வீட்டுக்கு இடம் கொடுத்தது ஆடி மாதம். ஆடியில் புதிய வேலை தொடங்க உரிமையாளர்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை, மார்கழியிலும் அப்படியே. எங்களுக்கு நாள் கோள் பார்ப்பதில் அவ்வளவு பிடிப்பு இல்லை என்றாலும், இந்த நம்பிக்கைக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஓடு மாற்றத் தெரிந்த கைகள் இந்த வட்டாரத்தில் மிகச் சிலவே. ஆண்டு முழுவதும் கூலி கிடைத்தால்தான் அவர்கள் நம்மோடு இருப்பார்கள், இல்லாவிட்டால் திருப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ போய்விடுவார்கள். ஆடியில் எங்கள் வீட்டுக் கூரையில் அவர்களுக்கு வேலை கொடுக்கிறோம், மார்கழியில் தோட்டத்துச் சுவர், மாட்டுக்கொட்டகை, கிணற்றடி என்று ஏதாவது ஒன்றைப் பழுது பார்க்கிறோம். ஊர் வீடு தொழிலின் மீது ஒரு சுமை என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் ஆட்களை எங்களோடு தக்கவைத்திருப்பது இந்த வீடுதான். இது இல்லாவிட்டால் ஒவ்வொரு தையிலும் ஆள் தேடி அலைந்துகொண்டிருப்போம்.

நாட்டோட்டுக் கூரையை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது பிரித்து, உடைந்த ஓடுகளைக் களைந்து, இடையில் சேர்ந்த மண்ணையும் சருகையும் தட்டி, கரையான் அரித்த வரிச்சுகளை மாற்றி மறுபடி அடுக்க வேண்டும். எங்கள் பக்கம் குரங்குகளும் மயில்களும் ஓட்டின் மேல் நடமாடுவதால் இந்த இடைவெளி இன்னும் குறுகிவிடுகிறது. முழுக் கூரையையும் ஒரே ஆண்டில் பிரித்தால் பணமும் ஆளும் போதா என்பதால், ஓர் ஆடிக்கு ஒரு சரிவு என்று முறை வைத்திருக்கிறோம். ஆடிக்காற்று ஒரு தொல்லைதான். அதனால் காற்று எழும் முன், காலையிலேயே மேல்வேலையை முடித்துவிட்டு, பிற்பகலில் கீழே ஓடு கழுவிப் பிரிக்கும் வேலையைச் செய்கிறார்கள். இரண்டு சரிவுகள் சேரும் மூலைகளை மட்டும் ஆண்டுதோறும் தவறாமல் பார்க்கிறோம். நான் கண்ட ஒழுகல்களில் பெரும்பாலானவை அந்த மூலையில் துருப்பிடித்த தகரத்திலிருந்தோ, மழைநீர் வெளியேறும் முற்றத்துத் தூம்பு சருகால் அடைபட்டதிலிருந்தோ வந்தவை. பூட்டிய வீடு விரைவில் பாழாவதற்கும் முதற்காரணம் இந்த அடைப்புதான்.

ஊர் வீட்டால் தொழிலுக்கு வேறு நன்மையும் உண்டு. பழைய வீட்டு வேலைக்கு இடம் நிறைய வேண்டும். சுண்ணாம்பை நீற்றித் தண்ணீருக்கடியில் வாரக்கணக்கில் ஊறவிட ஒரு குழி, சுண்ணாம்பில் சேர்க்கும் கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளிக்கத் தொட்டிகள், பழைய உத்திரங்களை நிழலில் அடுக்க ஒரு கொட்டகை, உப்பில்லாத தண்ணீர் ஆகிய இவை எல்லாவற்றையும் காரைக்குடியில் வாடகைக்குப் பிடித்தால் வரும் ஆதாயம் அதிலேயே போய்விடும். எங்கள் கொல்லையில் அவை இருக்கின்றன. புதிய மணல் வந்தால் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு என்ற வழக்கமான கலவையை எங்கள் தோட்டத்துச் சுவரில் பூசிப் பார்த்த பிறகே பிறர் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். அந்தச் சுவரின் நிறம் பல திட்டுகளாக இருப்பதை உறவினர்கள் கேலி செய்வதுண்டு. பிள்ளைகள் உள்ள வீடானால் நீற்றுக் குழிக்குக் கட்டாயம் மூடியும் வேலியும் போடுங்கள். நீறும் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வையே போய்விடக்கூடும்.

சுண்ணாம்பைப் பற்றிப் பேசும்போது சிமெண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் உரிமையாளர்களோடு வரும் வாதங்களில் பாதி அதைப் பற்றியவை. பழைய செங்கற்சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு மேலேறி, உப்புப் பூத்துச் செங்கல்லைப் பொடியாக்கிவிடும். சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டு மெல்ல மெல்லத்தான் இறுகும் என்பதால், அவசரப்படுபவர்களுக்கு அது பொருந்தாது. அவசரப்படுபவர்களின் வேலையை நாங்கள் எடுப்பதில்லை. தொடக்கத்தில் இது கைக்கு எட்டிய வருமானத்தைத் தள்ளிவிடுவதாகத் தோன்றினாலும், பூச்சு உதிர்ந்தபின் வரும் வழக்கை நினைத்தால் அது மலிவானது.

கழிவறையை முடிந்தவரை பழைய சுவருக்குள் கொண்டுவராதீர்கள். பின்கட்டை ஒட்டித் தனி அடித்தளத்தில், பழைய சுவரைத் தொடாமல் சிறிது இடைவெளி விட்டுக் கட்டி, குழாய்களை வெளிப்புறமாகவே கொண்டுபோக வேண்டும். மின்கம்பிக்காகச் சுண்ணாம்புச் சுவரில் காடி வெட்டுவதும் கூடாது. முன்பு மரச்சட்டத்தின் மேல் கம்பியை ஓட்டியதைப் போல இப்போதும் சுவரின் மேற்புறத்திலேயே ஓட்டலாம், பார்க்கவும் நன்றாகவே இருக்கும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் ஊற்றித் தேய்க்காதபடி வீட்டில் வேலை செய்பவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும். அது சூளையில் சுட்ட ஓடு அன்று. கண்ணாடியின் மேல் நிறச் சிமெண்டு ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்தியது. ஆசிட் பட்டால் மேற்பரப்பே போய்விடும்.

பழைய பொருட்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், இந்த ஆசை உங்களுக்கும் வரும் என்பதால் சொல்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தூண், நிலை, சன்னல், பீங்கான் சாடி எல்லாம் கிடைக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வீட்டிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டவை. நாட்டோடும் உத்திரமும் அங்கும் இடிப்பு ஒப்பந்தக்காரர்களிடமும் வாங்குகிறோம், ஏனெனில் பழுது பார்ப்பதற்கு அதே அளவிலும் தடிமனிலும் புதியவை கிடைப்பதில்லை. செதுக்கிய நிலைக்கதவை மட்டும் வாங்குவதில்லை. அதற்கு விலை ஏறினால் இன்னொரு வீட்டின் வாசல் பெயர்க்கப்படும். என் கணவர் இதில் என்னைவிடக் கண்டிப்பானவர். வேலை செய்யும் வீட்டிலிருந்து ஒரு துண்டு மரம்கூட, உரிமையாளர் கொடுத்தாலும், கணக்கில் எழுதாமல் எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்பதும் அவர் வைத்த முறை.

உங்கள் இருவருக்கும் இடையே வேலையைத் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். எங்களில் என் கணவர் கொத்தனார்களோடும் ஆசாரிகளோடும் வேலையிடத்தில் இருக்கிறார். பொருள் வாங்குவது, கூலிக் கணக்கு, வெளிநாட்டிலுள்ள பங்காளிகளோடு பேசுவது ஆகியவை என் பொறுப்பு. உரிமையாளர் தரும் முன்பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்திருக்கிறோம், அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஓர் ஓடுகூட வாங்குவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு வீடுதான். அதிலும் இருட்டுவதற்குள் ஊர் திரும்ப முடியாத தூரத்தில் வேலை எடுப்பதில்லை, ஏனெனில் வாசலில் விளக்கு எரியாத வீட்டில் முதலில் குடியேறுவது கரையான்தான். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதும் உண்மை. கண்மாய்ப் பாசனத்தில் ஒரு போகம் நெல் போட்டுக்கொண்டிருந்தோம். நடவும் கூரை மூடும் வேலையும் புரட்டாசியில் மோதிக்கொண்டதால் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரத்துக்கு வயலை விட்டுவிட்டோம். மாடு இன்னும் இருக்கிறது, அது என் மாமியாரின் பிடிவாதம்.

வேலையை விடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு ஐப்பசியும் கார்த்திகையும் நீங்கள் இருவரும் உங்கள் ஊர் வீட்டிலேயே தங்குங்கள். மழை பெய்யும்போது எந்த மூலையில், எந்தக் கைமரத்துக்குக் கீழே நீர் இறங்குகிறது, எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்கு ஈரம் ஏறுகிறது என்பதைச் சுவரிலேயே கரித்துண்டால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். தை பிறந்ததும் ஓடு மாற்றுபவர் ஒருவரை அழைத்து அந்தக் கோடுகளைக் காட்டிக் கூலியும் பொருளும் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் தொகையை ஆண்டுதோறும் செலவிட உங்கள் இருவருக்கும் மனம் இருந்தால், பிறர் வீட்டு வேலையைப் பற்றி அடுத்து பேசலாம். உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று எழுதினால், அங்கே சுண்ணாம்பும் ஓடும் கிடைக்கும் இடங்களைச் சொல்கிறேன்.