லேபிள் இல்லாத களி

கேள்வி: எங்கள் ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை. பையன் தமிழ் மீடியத்தில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்தியதிலிருந்து எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் திருப்பிப் பார்த்துப் படிக்கிறான். ஆனால், "சிப்ஸில் எனர்ஜி 540, பிஸ்கட்டில் 480தான், அதனால சிப்ஸ்தான் நல்லது" என்கிறான். காலையில் ராகிக் களி வைத்தால், "இதுல என்ன இருக்குன்னு எங்கயும் எழுதலையே" என்று தட்டைத் தள்ளுகிறான். பாக்கெட்டே வாங்காமல் நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் பெரியவர்கள் பலருக்கே இல்லை. அவனுக்கு வந்திருக்கிறது, அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

எனர்ஜி என்றால் தெம்பு என்றுதானே நாமும் பேசுகிறோம்? அவன் அப்படியே எடுத்துக்கொண்டான். அடுப்பில் எவ்வளவு விறகு வைத்தோம் என்று சொல்கிற எண் அது. சோறு எப்படி வெந்தது என்று அது சொல்லாது. கிலோகலோரி என்பது அதை அளக்கும் அலகு. ஒரு கிராம் மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் தலா 4 கிலோகலோரி, ஒரு கிராம் கொழுப்புக்கு 9. சிப்ஸ் 540-இல் நிற்பது பொரித்த எண்ணெயால்தான்.

அந்த எண் 100 கிராமுக்கு என்பதையும் காட்டுங்கள். பாக்கெட் 50 கிராம் என்றால் பாதியாக்க வேண்டும். சோடியம் 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் என்று போட்டிருந்தால், அந்தப் பாக்கெட்டில் 400. சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்: 1000 மில்லிகிராம், அதாவது ஒரு கிராம் உப்பு. பெரியவருக்கே நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறார்கள். ஏழாம் வகுப்புக் கணக்குதான், அவனே போடட்டும்.

எனக்கு ஆற்றாமையான விஷயம் ஒன்று உண்டு. சட்டப்படி இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். பள்ளியில் தமிழும் பஸ் போர்டில் மலையாளமும் படிக்கும் உங்கள் பையன், தான் தின்பதைப் பற்றி மூன்றாவதாக ஒரு மொழியில் படிக்க வேண்டியிருக்கிறது. "ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்" என்றால் மைதா என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? நான் வாங்கிய ஒரு ராகி பிஸ்கட்டில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, பிறகு பாமாயில், நான்காவதாகத்தான் ராகி. எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. இப்படிப் பத்துச் சொற்களைத் தமிழில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

எல்லையோரப் பள்ளி ஒன்றில் 200 மில்லி ஜூஸ் பாட்டில் ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். 100 மில்லிக்குச் சர்க்கரை 12 கிராம் என்று அச்சிட்டிருந்தது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 4 கிராம். ஒரு சிறுமியை எண்ணிப் போடச் சொன்னேன். காலி டம்ளரில் ஆறு ஸ்பூன் விழுந்தது. அவள் டம்ளரைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா டீக்கு ஒன்றரைதான் போடுவாங்க" என்றாள். அதற்குமேல் நான் எதுவும் விளக்கவில்லை. வீட்டில் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

இனி களி. லேபிள் இல்லை என்கிறான் அல்லவா, அவனையே எழுதச் சொல்லுங்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டது. அதன்படி 100 கிராம் ராகியில் கால்சியம் 364 மில்லிகிராம், புரதம் 7 கிராமுக்குச் சற்று மேல், கொழுப்பு 2 கிராமுக்கும் கீழே. அதே அளவு பசும்பாலில் கால்சியம் 120-ஐ ஒட்டித்தான் வரும். ராகியின் கால்சியம் முழுதும் உடம்பில் சேராது. அப்படியும் தள்ளிவைக்கிற பொருள் இல்லை. தட்டில் வைக்கும் களிக்கு எவ்வளவு மாவு போடுகிறீர்கள் என்று நிறுத்துக்கொடுங்கள். மீதியை அவன் கணக்குப் போட்டு மாவு டப்பாவில் ஒட்டட்டும். நிலக்கடலைக்கும் முட்டைக்கும் அடுத்தடுத்து எழுதலாம்.

பள்ளி வாசலில் பெட்டிக்கடை இருந்தால் அதையும் கவனியுங்கள். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக்கூடாது என்று 2020-இலேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி கொண்டுவந்துவிட்டது. கடைக்காரரிடம் தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள், அவரும் உங்கள் ஊர்க்காரர். பெற்றோர் ஆசிரியர் கழக (பி.டி.ஏ.) கூட்டத்தில் எழுப்புங்கள், சிப்ஸ் மாட்டியிருக்கும் கம்பியில் கடலை மிட்டாயும் சுண்டல் பொட்டலமும் தொங்கவிட அவருக்கும் மனம் இருக்கும்.