மாவிளக்கு நம்ம கையில, கருவறை மட்டும்?

கேள்வி: எங்க ஊர் மாரியம்மன் பண்டிகைக்கு மாவு இடிச்சு வெல்லம் போட்டுப் பிசைஞ்சு, குழி பண்ணி நெய் ஊத்தி மாவிளக்கு எடுத்துட்டுப் போறது பூரா பொம்பளைங்கதான், ஆனா கருவறை வாசல்லயே தட்டை வாங்கிட்டு நிறுத்திடறாங்க. எல்லா மதத்துலயும் இப்படித்தானா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: பெரும்பாலும் ஆமாங்க, ஆனா தொடக்கத்துல பெண்கள் முன்னாடி நின்னாங்கங்கறதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். இஸ்லாத்தை முதல்ல ஏத்துக்கிட்டவங்க நபிகள் நாயகத்தோட மனைவி கதீஜா அம்மையார், சொந்தமா வியாபாரம் பண்ணவங்க. புத்தரை வளர்த்த சித்தி கௌதமி துறவு கேட்டு, புத்தர் மறுத்தப்போ, முடியை வெட்டிட்டு கால் வீங்க நடந்தே வந்து வாசல்ல புழுதியோட அழுதுட்டு நின்னாங்களாம், புத்தரோட சீடர் ஆனந்தர் பரிஞ்சு பேசின பிறகுதான் பெண் துறவிகளுக்கான பிக்குணி சங்கம் வந்துச்சுன்னு பௌத்த நூல் சொல்லுது, அதைப் படிக்கிறப்பெல்லாம் உங்க கோயில் வாசல்தான் ஞாபகம் வருது.

யூதர்கள்ல ரெஜினா யோனாஸ் 1935ல ஜெர்மனியில ரபி, அதாவது யூத மதகுரு ஆனாங்க, 1944ல ஆஷ்விட்ஸ் வதைமுகாம்ல நாஜிக்கள் கொன்னுட்டாங்க. இங்கிலாந்து திருச்சபையில 1994லதான் பெண் குருமார், நம்ம தென்னிந்தியத் திருச்சபையான சிஎஸ்ஐயில 2013ல புஷ்பா லலிதா பிஷப்பே ஆயிட்டாங்க. கத்தோலிக்கத்துல இன்னும் கிடையாது.

நம்ம பக்கம் வந்தா, மேல்மருவத்தூர்ல பெண்களே கருவறைக்குள்ள பூஜை பண்றாங்க, மாதவிடாய் நாள்னு தடுக்கறதில்ல. 2023ல மூணு பொண்ணுங்க ஸ்ரீரங்கத்துல அர்ச்சகர் பயிற்சி முடிச்சிருக்காங்க. அடுத்த பண்டிகைக்கு ஊர்க்கூட்டம் போடறப்போ இதை எடுத்துச் சொல்லி, தட்டை நாங்களே உள்ள வெக்கறோம்னு கேளுங்கம்மா.